ஊருக்குப் பேர் போடுவது எப்படி

ரப்பர் தோட்டத்தில் 29 வருஷம் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக இருந்தேன். விடியற்காலை ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் நின்று யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்த்து செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் போடுவதுதான் அன்றாடத்தின் முதல் வேலை. முழுப்பேர் என்றால் முழுநாள் சம்பளம், அரைப்பேர் என்றால் பாதி, பேர் இல்லை என்றால் ஒன்றுமில்லை. பெரட்டுக்கு வந்து நின்றதற்காக மட்டும் யாருக்கும் முழுப்பேர் கிடையாது. தனக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரைக்குப் போய், ரப்பர் மரத்தில் பால் வெட்டி, அதைக் கொண்டுவந்து நிறுத்துக் காட்டினால்தான் முழுப்பேர்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்த பிறகு, ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் இதே கணக்கை ஊருக்குப் போட்டுவருகிறேன். (2007க்கு முன் இது பத்தாங் பெர்ஜுந்தை. என் வயதுக்காரர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம்.) இந்த ஒரு வருஷத்தில் ஊருக்கு என்ன வந்தது, எது பேச்சோடு நின்றது, எது பாதியில் கிடக்கிறது? எட்டு வருஷத்துக்கு எட்டு நோட்டு சேர்ந்திருக்கிறது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் சிலர், "கிராணி ஐயா, எங்க ஊருக்கும் இப்படிப் போடணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் எல்லையைப் போடுங்கள். மாவட்டம் முழுவதையும் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள வேண்டாம். மோட்டார் சைக்கிளில் ஒரு பகலில் சுற்றிவரக்கூடிய அளவு போதும். என் எல்லை ஆற்றுப் பாலத்தில் தொடங்கி, கடைவீதி, தமிழ்ப்பள்ளி, மூன்று தாமான்கள், ஈயம் தோண்டிய பழைய குட்டைகளின் ஓரம், தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் வரை. அதற்கு அப்பால் நடப்பதை அங்கே குடியிருக்கும் ஒருவர் எழுதினால்தான் சரியாக இருக்கும்.

நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் நவம்பர் 8ஆம் தேதி நோட்டைத் திறக்கிறேன், அது உலக நகரத் திட்டமிடல் தினம். டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை மூடிவிடுவேன். இடையில் ஏழு வாரம் இருக்கிறது. ஓர் ஆள் செய்ய அது போதும்.

இனி கட்டம் போடுவது. ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து கட்டம்: சொன்னது, ஒப்புதல் ஆனது, தொடங்கியது, முடிந்தது, புழக்கத்துக்கு வந்தது. ஒவ்வொன்றிலும் தேதியும், அந்தத் தேதி உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதும் இருக்க வேண்டும். தேதி இல்லாத கட்டம் காலிக் கட்டம்தான்.

என் முதல் வருஷ நோட்டில் 23 காரியங்கள் இருந்தன. எல்லாம் பத்திரிகைத் துணுக்கும் கூட்டத்தில் கேட்ட பேச்சும். மறு வருஷம் அதே நோட்டோடு தெருத் தெருவாக நடந்தேன். கண்ணில் பட்டவை ஒன்பது. அதில் ஒரு மண்டபம் மூன்று இடத்தில் மூன்று பெயரில் எழுதப்பட்டிருந்தது. மூன்று முறை அறிவித்தார்கள், நான் மூன்று முறை எழுதினேன். செக்ரோலில் ஓர் ஆளுக்கு ஒரே நாளில் மூன்று பேர் போட்டது போன்ற தப்பு அது. அன்றிலிருந்துதான் "சொன்னது" வேறு, மற்றவை வேறு என்று பிரித்தேன்.

இரண்டாம் கட்டமான ஒப்புதலில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறோம். மேற்கு மலேசியாவில் நிலத்தை மேம்படுத்த வேண்டுமானால், 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் (சட்டம் 172) கீழ் ஊராட்சி மன்றத்திடம் திட்டமிடல் அனுமதி வாங்க வேண்டும். மலாயில் 'கெபெனாரான் மெரன்சாங்' என்பார்கள். மன்றத்து முகப்பில் (கவுண்டரில்) அந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள். அனுமதி கிடைத்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்கவில்லை என்றால், நீட்டிப்பு வாங்காத பட்சத்தில் அது காலாவதியாகிவிடும். ஆகவே "அதுக்கெல்லாம் ஒப்புதல் கிடைச்சாச்சு அண்ணே" என்று யாராவது சொன்னால், எந்த மாதம் என்று கேளுங்கள். போன வருஷத்து ஒப்புதல் இந்த வருஷம் உயிரோடு இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. விண்ணப்பங்களை ஒரே இடத்தில் வாங்கிப் பரிசீலிக்கும் 'புசாட் செத்தெம்பாட்' என்ற ஓரிட மையம் 2007 முதல் ஊராட்சி மன்றங்களில் உண்டு. அங்கேதான் விசாரிக்க வேண்டும்.

தொடங்கியதற்குச் சாட்சி பலகை. வேலைத்தளத்தில் நட்டிருக்கும் திட்டப் பலகையைத் தேதி தெரியும்படி படமெடுங்கள். தொடங்கும் நாள், முடியும் நாள், குத்தகையாளர் யார் என்ற விவரம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் நின்று இன்னொரு படம். ஒரு தடவை பலகையைச் சுற்றி லாலான் புல் என் இடுப்புயரம் வளர்ந்திருந்தது. அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியதோடு சரி, ஒரு வரியும் எழுதவில்லை.

வீடமைப்பு என்றால் முடிந்ததற்கு அடையாளம் 'சிசிசி' எனப்படும் முழுமைச் சான்றிதழ். முன்பு மன்றம் கொடுத்த தகுதிச் சான்றிதழுக்குப் பதிலாக, 2007 ஏப்ரல் 12 முதல் திட்டத்துக்குப் பொறுப்பான கட்டடக் கலைஞரோ பொறியியலாளரோ இதைக் கொடுக்கிறார். தரைவீட்டை ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து 24 மாதத்திலும், அடுக்குமாடி வீட்டை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம் வகுத்த ஒப்பந்த வாசகம். வாங்கியவரிடம் கையெழுத்துத் தேதியைக் கேளுங்கள், மிச்சத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீடமைப்பு அமைச்சின் 'தெடுஹ்' தளத்தில் மேம்பாட்டாளரின் உரிமத்தையும் திட்டத்தின் நிலையையும் பார்க்கலாம். பேரப்பிள்ளை கைப்பேசியில் தட்டிக் கொடுப்பான்.

புழக்கத்துக்கு வந்ததா என்பதை எந்தக் காகிதமும் சொல்லாது. நடந்தே ஆக வேண்டும்.

ஒரே இடத்துக்கு மூன்று முறை போங்கள். காலையில் பள்ளி திறக்கும் நேரம், இரவு எட்டு மணி, நல்ல மழை பெய்து நின்ற அரை மணி நேரம். புதுக் கால்வாய் மழைக்குத்தான் வாய் திறந்து பேசும். புது விளக்கு இருட்டில்தான் தெரியும். புது நடைபாதையில் காலை ஏழு மணிக்கு எத்தனை கார் ஏறி நிற்கிறது என்பதைப் பகல் பதினொரு மணிக்குப் போனால் பார்க்க முடியாது. எரியாத விளக்கு என்றால் கம்பத்தில் உள்ள எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகாருக்கு ஆள் வந்தாலும் கம்பத்தைத் தேடி அலைவார்.

தனியாகப் போகாதீர்கள். நான் பெரியக்கா ஒருவரை அழைத்துப் போவேன். 74 வயது, முழங்கால் வலி, அந்தக் காலத்தில் நல்ல பால்வெட்டுக்காரி. புதுப் பேருந்து நிறுத்தத்துக்கு நான் முழுப்பேர் போடப் போனேன். கூரை இருந்தது, பெஞ்சு இருந்தது, பேருந்தும் வந்தது. அக்கா சாலையிலிருந்து நிறுத்தத்துக்கு ஏறும் படியைப் பார்த்துவிட்டு, "தம்பி, எனக்கு இதுல ஏற முடியலையே. அப்ப இது யாருக்கு?" என்றார். அந்தப் படி முழங்கால் உயரம். அரைப்பேர் போட்டேன். அடுத்த வருஷம் சிமெண்டுச் சாய்வு ஒன்று போட்டார்கள். அக்கா ஏறிப் போய் பெஞ்சில் உட்கார்ந்த நாளின் தேதிதான் ஐந்தாம் கட்டத்தில் இருக்கிறது. ஒரு பள்ளிப்பிள்ளையையும், கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளும் தாயையும் இப்படி அழைத்துப் போங்கள். உங்கள் கண்ணுக்குப் படாதது அவர்கள் காலுக்குப் படும்.

தாமான்களில் திடலைக் கட்டாயம் பாருங்கள். மேம்பாட்டுப் பரப்பில் பத்து விழுக்காடு திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்பது நாட்டின் திட்டமிடல் வழிகாட்டி. பத்து விழுக்காடு வரைபடத்தில் இருக்கும், தரையில் எங்கே என்று தேட வேண்டும். எங்கள் பக்கத்துத் தாமான் ஒன்றில் மேம்பாட்டாளர் காட்டிய "திடல்" சரிவான மேட்டில் கால்வாய்க்கும் வேலிக்கும் நடுவே இருந்த துண்டு. பிள்ளைகள் பந்து விளையாடுவது வீட்டுச் சாலையில். அதற்குப் பேர் இல்லை என்று எழுதி, பந்து விளையாடும் சாலையின் படத்தையும் ஒட்டி வைத்தேன்.

இனி சாலை. யாருடைய சாலை என்று தெரியாமல் குறை எழுதுவது, வேறு தோட்டத்து மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) போய் நம் சம்பளத்தைக் கேட்பது போலாகும். வெறும் எண்ணை மட்டும் தாங்கியது கூட்டரசுச் சாலை. எண்ணுக்கு முன் 'பி' எழுத்து இருந்தால் சிலாங்கூர் மாநிலச் சாலை. இரண்டையும் பொதுப்பணித் துறை கவனிக்கிறது. தாமான் உட்சாலை மன்றத்துக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தால் மன்றத்துடையது. மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்குக் கூட்டரசு தரும் மானியம் 'மாரிஸ்' என்ற பதிவேட்டில் உள்ள சாலைகளுக்குத்தான். தோட்டத்துச் சாலை தனியார் சாலை, அந்தப் பதிவில் வராது. லயத்துக்குப் போகும் பாதை ஏன் இருபது வருஷமாக அப்படியே கிடக்கிறது என்பதற்குப் பல இடங்களில் விடை இதுதான். நம் ஆட்கள் வேட்பாளரைத் திட்டுவார்கள், பதிவேட்டைக் கேட்பதில்லை. "இந்தச் சாலை மாரிஸில் இருக்கிறதா?" என்று நோட்டில் ஒரு வரி போதும்.

மன்றத்துக் காகிதங்களுக்குப் பயப்பட வேண்டாம். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் (சட்டம் 171) 23ஆம் பிரிவின்படி, மன்றம் வேறு மாதிரித் தீர்மானித்தால் ஒழிய அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் திறந்தவை. முன்கூட்டியே சொல்லிவிட்டு, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போய் உட்காருங்கள். பட்ஜெட் கூட்டம் முக்கியம். அடுத்த வருஷம் எந்தக் கால்வாய்க்கு எத்தனை வெள்ளி என்பது அங்கே தெரியும். இந்த வருஷம் ஒதுக்கியது செலவானதா என்பதும் அங்கேதான் தெரியும். சிலாங்கூரில் 2011ஆம் ஆண்டு தகவல் சுதந்திரச் சட்டமும் கையில் இருக்கிறது. மாநில அலுவலகத்திலோ ஊராட்சி மன்றத்திலோ உள்ள தகவலை எழுத்து மூலம் கேட்கலாம். பினாங்குக்காரர்களுக்கும் இப்படி ஒரு சட்டம் உண்டு.

இதை நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் ஊராட்சி மன்ற உறுப்பினருக்கு ஓட்டுப் போடுவதில்லை. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டது, பிறகு சட்டம் 171 அதை எடுத்தேவிட்டது. எட்டுக்குக் குறையாமல் 24க்கு மேற்படாமல் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஓட்டுப்பெட்டி இல்லாத இடத்தில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதில் சொல்லலாம் என்று காத்திருக்க முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை, ஒரு பக்கக் கணக்கோடு நேரில் போய் நிற்க வேண்டும்.

இப்போது தோட்ட விஷயம். இதற்கு என் நோட்டில் தனிப் பகுதி. உங்கள் ஊரும் தோட்டப்புற ஊர் என்றால் இதை விட்டுவிடாதீர்கள்.

1921இல் சார்ல்ஸ் ரீட் என்பவர் மலாய்க் கூட்டு மாநிலங்களின் அரசாங்க நகரத் திட்டமிடுநராக வந்தார். நகரத்துக்குத் திட்டம் போட அரசாங்கத்தில் ஆள் வந்தார். லயத்துக்குத் திட்டம் போட்டவர் தோட்ட நிர்வாகியான துரைதான். கோயில் எங்கே, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை எங்கே, தண்ணீர்க் குழாய் எத்தனை, எல்லாம் கம்பெனிக் காகிதம். நம் ஆட்கள் அரசாங்க வரைபடத்துக்குள் வந்தது பல இடங்களில் தோட்டம் தாமானாக மாறும்போதுதான். அதாவது வீட்டைக் காலி செய்யும்போது.

ஆகவே தோட்ட நிலத்தில் எந்த அசைவு நடந்தாலும் அந்த வருஷமே எழுதிவிட வேண்டும். மூன்று இடத்தில் பாருங்கள்.

நிலத்தின் வகை ஒன்று. நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என்று வகை பிரிக்கிறது. தோட்ட நிலம் விவசாயத்திலிருந்து கட்டடத்துக்கு மாற விண்ணப்பம் போனால், செம்பனை இன்னும் குலை தள்ளிக்கொண்டிருந்தாலும் அந்தத் தோட்டத்தின் காலம் எண்ணப்பட்டுவிட்டது என்று அர்த்தம். மாவட்ட நில அலுவலகத்தில் நிலப்பட்டா எண்ணைக் கொடுத்துத் தேடல் போடலாம். அதற்குக் கட்டணம் உண்டு. அடுத்தது துண்டாடல். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு மாற்றிக் கொடுக்கத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று நிலச் சட்டம் 214அ பிரிவு சொல்கிறது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது நம் ஆட்கள் தெருவில் நின்றார்கள். அந்த நெருக்கடியில்தான் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். என் அப்பாவும் பங்குப் பணம் கட்டினார். அந்த ரசீது இன்னும் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

மூன்றாவது, அறிவிப்பு யாருக்குப் போகிறது என்பது. உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் ஒரு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு மன்றம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம் என்கிறது சட்டம் 172. உரிமையாளர்களுக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். மூன்று தலைமுறையாக லயத்தில் குடியிருப்பவர் உரிமையாளர் அல்லர். பட்டாவில் இருப்பது கம்பெனி பெயர். இதைப் படித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. 29 வருஷம் நானே பேர் போட்ட அத்தனை பேரும் அந்தக் காகிதத்தின் கணக்கில் இல்லாதவர்கள்.

உள்ளூர்த் திட்டம் உள்ள பகுதியில் வாய்ப்பு வேறு இடத்தில் இருக்கிறது. திட்டத்தின் நகல் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் கொடுக்க வேண்டும். அப்போது குடியிருப்பவரும் எழுதலாம், நேரில் பேசவும் கேட்கலாம். அந்த நான்கு வாரத்தைத் தவறவிட்டால், பிறகு வரும் ஒவ்வொரு அனுமதியும் "திட்டத்தில் இருக்கிறபடிதான்" என்று வரும். சிலாங்கூரின் மாநிலக் கட்டமைப்புத் திட்டம் 2035ஐ இலக்காக வைத்து எழுதப்பட்டது. உள்ளூர்த் திட்டங்கள் அதை ஒட்டியே போகும். உங்கள் தோட்டம் அந்த வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்கிறது என்று கூட்டரசுத் திட்டமிடல் துறையான பிளான்மலேசியாவின் 'ஐ-பிளான்' தளத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு வருஷமும் அந்தப் படத்தை அச்செடுத்து ஒட்டுகிறேன். கோயிலும் பள்ளியும் நிற்கும் இடத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைப்பேன்.

மெதுவாக வரும் விளைவுகளுக்கு நோட்டின் கடைசியில் சில பக்கம் விடுங்கள். எங்கள் ஊர்ப்பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் வைத்ததுதான் இந்நாட்டில் வணிகத்துக்காக நட்ட முதல் செம்பனை. தென்னை பெயர் கொண்ட தோட்டத்தில் செம்பனை பிறந்தது எங்கள் ஊருக்குப் பெருமை. செம்பனையும் நட்ட மூன்றாம் வருஷம்தான் குலை தரும். சாலையும் அப்படித்தான். 2011இல் லாத்தார் நெடுஞ்சாலை பக்கத்து ஊரான இஜோக் வரை வந்தபோது, அந்த வருஷக் கணக்கில் அது வெறும் சுங்கச்சாவடி. பக்கத்து நிலமும் வீட்டு வாடகையும் கோலாலம்பூரைப் பார்த்துத் திரும்ப எத்தனை வருஷம் ஆனது என்பதை அப்போது யாரும் எழுதி வைக்கவில்லை. நான் வந்ததும் பின்னால்தான். வாடகை, நிலவிலை, பள்ளியில் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கை, இந்த மூன்றை மட்டும் வருஷா வருஷம் ஒரே மாதத்தில் விசாரித்து எழுதுங்கள். தமிழ்ப்பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் போல ஒரு தோட்டத்தின் நிலையைச் சொல்வது வேறில்லை.

டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேர் போடுவோம். சச்சரவு வரும், வரட்டும். ஐந்து கட்டமும் நிறைந்தால் முழுப்பேர். தொடங்கியும் புழக்கத்துக்கு வராததற்கு அரைப்பேர். சொன்னதோடும் ஒப்புதலோடும் நின்றதற்குப் பேர் இல்லை. ஓர் ஆள் "பாவம், கஷ்டப்பட்டாங்க, முழுப்பேர் போடுங்க அண்ணே" என்பார். அவரிடம் தேதியைக் கேளுங்கள். அதே நேரம், வந்த நல்லதை மறைக்கக் கூடாது. குறையை மட்டும் எழுதும் நோட்டை அடுத்த வருஷம் யாரும் திறக்க மாட்டார்கள். முழுப்பேர் வாங்கியவற்றை முதலில் எழுதி, அதைச் செய்த பிரிவுக்கு நன்றி சொல்லுங்கள்.

பிறகு எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் மலாயில் எழுதுங்கள். பள்ளி ஆசிரியர் ஒருவரைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். மூன்று பிரதி: ஒன்று மன்ற உறுப்பினருக்கு, ஒன்று சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு, ஒன்று இந்தியச் சமூகத் தலைவருக்கு. உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். பக்கத்தின் அடியில் ஒரே ஒரு கேள்வி இருக்கட்டும். பத்துக் கேள்வி கேட்டால் லேசானதற்குப் பதில் வரும். போன வருஷம் நாங்கள் கேட்டது இது: லயத்துக்குப் போகும் பாதையை மாரிஸில் சேர்க்க யார் கையெழுத்து வேண்டும்?

மன்றத்துக்குக் கட்டும் மதிப்பீட்டு வரியின் முதல் பாதியைப் பிப்ரவரி முடிவதற்குள் கட்ட வேண்டும். அன்றைக்கு நோட்டையும் கையில் கொண்டு போவேன். வரியைக் கட்டிவிட்டு அதே முகப்பில் அந்த ஒரு கேள்வியின் நிலையை விசாரிப்பேன், யார் என்ன சொன்னார் என்று தேதியோடு எழுதிக்கொள்வேன். ஆகஸ்டில் இரண்டாம் பாதி கட்டப் போகும்போது மறுபடியும் கேட்பேன். பெரியக்காவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.